அளவுகோலை யார் வைப்பது? பட்ஜெட்டில் சிறுபான்மை உறுப்பினர்கள் கூட்டு சேரும் விதம்

புதுச்சேரி சட்டப்பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது 30 பேரை. புதுச்சேரி பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு 1, ஏனாமுக்கு 1. மாஹே கேரளக் கரையில், 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கரையில், 800 கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு தொகுதியில் மலையாளம், இன்னொன்றில் தெலுங்கு. அங்கிருந்து வந்த ஒருவர் எழுந்து நின்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் போடுங்கள், எங்கள் கரைக்குத் தடுப்புச் சுவர் கட்டுங்கள் என்று கேட்டால், மற்ற 29 பேருக்கும் அதனால் ஒரு ஓட்டுகூடக் கூடப் போவதில்லை. அப்படியிருந்தும் அந்த ஊர்களுக்குப் பணம் போகிறது. எப்படிப் போகிறது?

இந்தக் கேள்வி மாஹே, ஏனாமோடு நிற்பதில்லை. அதே பேரவையில் ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு என ஐந்து தனித்தொகுதிகள் இருக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் தனித்தொகுதிகள். கடல் கடந்து போனால், அமெரிக்க நாடாளுமன்றத்தின் 435 பேர் கொண்ட கீழவையில் கறுப்பின உறுப்பினர்கள் 13 பேர் சேர்ந்து 1971இல் தங்களுக்கென ஒரு குழு அமைத்தார்கள். எண்ணிக்கையில் எப்போதும் குறைவாகவே இருக்கப் போகிறவர்கள், பெரும்பான்மை ஓட்டில் மட்டுமே நிறைவேறுகிற பட்ஜெட்டில் தங்கள் மக்களுக்கு உரியதை எப்படி வாங்குகிறார்கள் என்பது எல்லா இடத்துக்கும் பொதுவான கேள்வி.

பேச்சுத் திறமையும் போராட்டமும் தேவைதான். ஆனால் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. பணத்தைப் பிரிக்க என்ன அளவுகோல் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தன் மக்களின் தேவையும், தன்னோடு ஒட்டும் உறவும் இல்லாத இன்னொருவர் தொகுதியின் தேவையும் ஒரே பக்கம் விழுகிற மாதிரி ஓர் அளவுகோலைக் கண்டுபிடித்து, பட்ஜெட் அச்சுக்குப் போவதற்கு முன்பே அதை உள்ளே வைத்துவிடுகிற உறுப்பினர் ஜெயிக்கிறார். அதைச் செய்ய முடியாதவர் நன்றாகப் பேசிவிட்டு உட்கார்கிறார். இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும்

நம் ஊர் எம்.எல்.ஏ. ஒருவரால் பட்ஜெட்டில் ஒரு ரூபாயைக்கூடக் கூட்ட முடியாது. இது பலருக்குத் தெரியாத விஷயம். அரசியலமைப்பின் 203ஆவது பிரிவுப்படி, ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியக் கோரிக்கையையும் வைக்க முடியாது. அதாவது பணம் கேட்கும் உரிமை அரசுக்கு மட்டும். பேரவை அதை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். புதுச்சேரிக்கான 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டமும் இதையே சொல்கிறது. அதனால் தனி உறுப்பினர் கையில் மிஞ்சுவது வெட்டுத் தீர்மானம். துறையின் கொள்கையே தப்பு என்றால் மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட குறையை எழுப்ப வேண்டுமென்றால் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். இரண்டுமே குறையைப் பதிவு செய்கிற வழிகள்தான். பணம் கொண்டுவருகிற வழிகள் இல்லை.

அதற்கு மேல் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவியே போகலாம். ஆளும் கட்சியின் தனித்தொகுதி உறுப்பினரும் எதிர்க்கட்சியின் தனித்தொகுதி உறுப்பினரும் ஒரே கருத்தோடு இருந்தாலும், ஓட்டெடுப்பில் சேர்ந்து கை தூக்க வழியில்லை.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே ஜனாதிபதி அனுப்புவது ஒரு யோசனை மட்டும்தான். பட்ஜெட்டை எழுதுவது நாடாளுமன்றம். எந்த உறுப்பினரும் திருத்தம் கொண்டுவரலாம், ஒரு முழு மாற்று பட்ஜெட்டைக்கூட வைக்கலாம். கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்டால் தலைவர்கள் கோபப்படுவார்கள், பதவி போகாது. அதனால் அங்கே கூட்டு என்பது அவையில், எல்லார் கண் முன்னாலும், ஓட்டெண்ணிக்கையாகத் தெரிகிறது. இங்கே கூட்டு நடக்கிற இடங்கள் வேறு: தொகுதிப் பங்கீட்டுப் பேச்சு, மந்திரிசபை அமைக்கும் நேரம், மதிப்பீட்டுக் குழு, துறைச் செயலரின் மேசை. பட்ஜெட் நாளன்று நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது முடிந்துபோன பேரத்தின் வாசிப்பு.

புதுச்சேரிக்கு இன்னும் ஒரு படி உண்டு. பட்ஜெட்டைப் பேரவையில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். நடைமுறையில் அது டெல்லியில் உள்துறை, நிதித்துறை அமைச்சகங்களின் ஒப்புதல். மார்ச்சில் சில மாதங்களுக்கான இடைக்கால பட்ஜெட்டும், ஆடி ஆவணி வாக்கில் முழு பட்ஜெட்டும் என்று பல ஆண்டுகள் ஓடியதற்கு இது முக்கியக் காரணம். 2024இல் 12,700 கோடி ரூபாய்க்கான முழு பட்ஜெட் ஆகஸ்ட் மாதம்தான் வந்தது. 2025இல் 13,600 கோடிக்கான பட்ஜெட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது புதுச்சேரி அந்தக் கணக்கில் வராது, மத்திய அரசு தரும் மானியம்தான். மொத்தத் தொகை இப்படி முடிவானபின், சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, மின்சாரம் வாங்கும் செலவு என்று பெரும்பகுதி முதலிலேயே கழிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மாஹேக்காரரும் ஏனாம்காரரும் ஏம்பலத்துக்காரரும் பேரம் பேசுவது அந்தக் கொஞ்சத்துக்காக.

69 ஓட்டும் 10-20-30ம்

அமெரிக்கக் கறுப்பின உறுப்பினர் குழுவின் கதை இந்த விஷயத்தில் நமக்கு நன்றாகப் பயன்படும். அவர்கள் எல்லா வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

முதல் வழி, கோரிக்கைப் பட்டியல். 1970இல் ஜனாதிபதி நிக்சனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள், தரவில்லை. 1971 ஜனவரியில் அவருடைய ஆண்டு உரையைப் புறக்கணித்தார்கள். மார்ச்சில் சந்திப்பு கிடைத்தது. 61 பரிந்துரைகளைக் கொடுத்தார்கள். கிடைத்த பதில் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. பட்டியல் கொடுத்தால் பதில் கடிதம் வரும், பணம் வராது என்பது உலகம் முழுவதும் ஒன்றுதான்.

இரண்டாவது வழி, முழுக் கணக்கு. 1981இல் ரீகன் வந்து, வரியையும் சமூக நலச் செலவையும் வெட்டி, ராணுவச் செலவை ஏற்றத் திட்டமிட்டார். குழு எதிர்ப்பு அறிக்கையோடு நிற்காமல் வரவு செலவு இரண்டும் சேர்ந்த ஒரு மாற்று பட்ஜெட்டையே அவையில் வைத்தது. ஆதரவு 69, எதிர்ப்பு 356. படுதோல்விதான். ஆனால் அந்த 69ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். குழுவில் அப்போது 20 பேர்கூட இல்லை. மீதி ஏறக்குறைய ஐம்பது பேர் வேறு இனத்தவர், பெரும்பாலும் நகர்ப்புறத் தொகுதிகளின் வெள்ளையர். தங்கள் தொகுதியின் பள்ளிக்கூடமும் வேலைவாய்ப்புத் திட்டமும் அந்தக் கணக்கில் காப்பாற்றப்பட்டிருந்ததால் சேர்ந்தவர்கள். அதன் பிறகு குழு இப்படிப் பல ஆண்டுகள் மாற்று பட்ஜெட் வைத்திருக்கிறது. ஒன்றுகூட நிறைவேறியதில்லை. பிறகு எதற்கு என்று கேட்கலாம். கோரிக்கை வைப்பவரிடம் பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டு வாயடைத்துவிடலாம். கணக்கு வைப்பவரிடம் அந்தக் கேள்வி எடுபடாது. எதை வெட்டி எதற்குக் கொடுக்கிறோம் என்பது அதிலேயே இருக்கிறது.

மூன்றாவது வழி, பேனாவைக் கையில் வாங்குவது. பிலடெல்பியாவைச் சேர்ந்த வில்லியம் கிரே 1985இல் கீழவையின் பட்ஜெட் குழுவுக்குத் தலைவர் ஆனார். அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். ஒரு தேவாலயத்தின் போதகராகவும் இருந்தவர். அவர் கட்சியிலேயே தெற்கு மாநிலங்களின் பழமைவாத வெள்ளையர் ஒரு பக்கம், வடக்கு நகரங்களின் தாராளவாதிகள் மறுபக்கம். இரண்டு பேரையும் ஒரே பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போட வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் இருந்தபோது, தன் சொந்தக் குழுவின் மாற்று பட்ஜெட்டை அவர் ஆதரிக்கவில்லை. கடுமையான விமர்சனம் வந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது, ஆனாலும் கிரே செய்தது சரி என்றே நினைக்கிறேன். எல்லாருடைய கணக்கையும் எழுதும் இடத்தில் உட்கார்ந்த பிறகு, தன் மக்களுக்கான ஒதுக்கீடுகள் வெட்டப்படாமல் காப்பதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய காரியம். வெளியே இருந்து 69 ஓட்டு வாங்குகிறவர்களும் வேண்டும், உள்ளே இருந்து எழுதுகிறவரும் வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விலகல். ஷெர்லி சிசோம் 1968இல் தேர்வான முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர், நியூயார்க்கின் புரூக்ளின்காரர். 1972இல் அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் சுடப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போய்ப் பார்த்தார். வாலஸ் இனப் பிரிவினையை உரக்க ஆதரித்தவர். சிசோமின் ஆதரவாளர்களே கொதித்தார்கள். பிறகு வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை விரிவாக்கும் மசோதாவுக்கு அவர் ஓட்டுத் தேடியபோது, தெற்கத்திய உறுப்பினர்களிடம் வாலஸ் பேசி உதவினார். 1974இல் அது சட்டமானது. எதிராளியிடம் பேச்சுவார்த்தைக் கதவு திறந்திருப்பது ஒரு சொத்து. அந்தச் சொத்தை மேடையில் கைதட்டலுக்காக எரித்துவிடக் கூடாது.

நான்காவது வழிதான் இந்தக் கட்டுரைக்கு மையம். தென் கரோலினாவின் ஜேம்ஸ் கிளைபர்ன் வைத்த சூத்திரம் அது. 10-20-30 என்று அதற்குப் பெயர். ஒரு திட்டத்தின் பணத்தில் குறைந்தது 10 சதவீதம், கடந்த 30 ஆண்டுகளாக 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட மக்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் மாவட்டங்களுக்குப் போக வேண்டும். 2009இல் பொருளாதார மீட்புச் சட்டத்தில் கிராம வளர்ச்சித் திட்டங்களுக்கு இது முதலில் வந்தது, பின்னாளில் வேறு திட்டங்களுக்கும் விரிந்தது. சூத்திரத்தில் கறுப்பினம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் மிசிசிப்பி டெல்டாவின் கறுப்பின ஊர்கள் அதில் வந்துவிடும். கென்டக்கி மலைப்பகுதியின் ஏழை வெள்ளையர் வருவார்கள். டெக்சாஸ் எல்லையோரத்தில் ஸ்பானிய மொழி பேசுவோர் வருவார்கள். தெற்கு டகோட்டாவின் பழங்குடிப் பகுதிகள் வரும். அந்தத் தொகுதிகளில் பல எதிர்க்கட்சிக்காரர்களுடையவை. அவர்கள் கிளைபர்னுக்காக ஓட்டுப் போட வேண்டியதில்லை. தங்கள் ஊருக்காகப் போட்டாலே போதும்.

அவர் எதையும் குறைத்துக் கேட்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். தன் மக்களின் வறுமைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அது புதிதாக வந்தது அல்ல, தலைமுறை தலைமுறையாக நீடிப்பது. அந்த நீடிப்பையே அவர் அளவுகோல் ஆக்கினார். அந்த 30 என்ற எண் அங்கேதான் வேலை செய்கிறது. இந்த ஆண்டு எவ்வளவு வறுமை என்று மட்டும் அளந்திருந்தால், ஒரு தொழிற்சாலை மூடிய ஊரும் நூறு ஆண்டாக நிலமில்லாமல் இருக்கிற ஊரும் ஒன்றாகிவிட்டிருக்கும்.

காட்டுமன்னார்கோயிலும் குடிசையும்

இப்போது கடலூருக்கு வருவோம். 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்தில் ஆதிதிராவிடர் சுமார் 29 சதவீதம், மாநில சராசரியான 20ஐ விட மிக அதிகம். எஞ்சியவர்களில் வன்னியர் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இடையே தேர்தல் நேரத்தில் எவ்வளவு பதற்றம் வரும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயில் பகுதி எல்.இளையபெருமாளின் மண். 1965இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைவராக இருந்து, தீண்டாமை பற்றி 1969இல் கொடுத்த அறிக்கை இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

2006 தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் 234இல் 2 இடங்களில் ஜெயித்தது: மங்களூர், காட்டுமன்னார்கோயில். இரண்டுமே கடலூர் மாவட்டம். காட்டுமன்னார்கோயிலில் ஜெயித்தவர் எழுத்தாளர் ரவிக்குமார். இரண்டு ஓட்டை வைத்துக்கொண்டு பேரவையில் எந்த அரசையும் அசைக்க முடியாது. அவர் எழுப்பிய விஷயங்களில் முக்கியமானது குடிசை. தமிழ்நாட்டில் குடிசை வீடுகளே இல்லாமல் செய்ய வேண்டும், அவற்றை கான்கிரீட் வீடுகளாக மாற்ற அரசு திட்டம் போட வேண்டும் என்று வலியுறுத்தி வந்தார். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தபோது அரசு எடுத்த கணக்கு சுமார் 21 லட்சம் குடிசைகள்.

குடிசை என்பது எப்படிப்பட்ட அளவுகோல் என்று பாருங்கள். காலனியில் அது அதிகம். ஆனால் ஊரிலும் இருக்கிறது, மீனவர் குப்பத்திலும் இருக்கிறது. தீ வந்தாலும் புயல் வந்தாலும் சாதி பார்க்காமல் போவது அதுதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்த அதே காற்றில் இரண்டு தரப்பின் கூரைகளும் பறந்தன. அதன்பின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் குடிசை இழந்தவர்களுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் அறிவிக்கப்பட்டன. அப்போது ஆட்சி மாறியிருந்தது, திட்டத்தின் பெயரும் மாறியிருந்தது, ஆனால் குடிசை என்ற அளவுகோல் மாறவில்லை. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டமும், ஆறு ஆண்டுகளில் 8 லட்சம் வீடு என்று, அதே குடிசைக் கணக்கில்தான் நிற்கிறது. ஆளுங்கட்சி மாறினாலும் நிலைக்கிற கோரிக்கை இப்படித்தான் இருக்கும். எல்லாக் கட்சிக்காரர் தொகுதியிலும் அதற்கு ஆள் இருக்கிறது.

கிளைபர்னுக்கும் நம் தனித்தொகுதி உறுப்பினருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டத்தின் 1982ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும்படி பல தொகுதிகள் வரையப்பட்டன. 1992 தேர்தலுக்குப் பின் குழுவில் சுமார் 40 பேர் ஆனார்கள். அப்படிப்பட்ட தொகுதியில் ஜெயித்தவர் தன் மக்களின் குரலாகத் தயங்காமல் பேசலாம், கூட்டு தேட வேண்டியது அவைக்குள் வந்தபிறகு. இங்கே 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து வேறு ஏற்பாடு. வேட்பாளர் ஆதிதிராவிடராக இருக்க வேண்டும், ஆனால் ஓட்டுப் போடுவது எல்லாரும். தனித்தொகுதியிலும் பெரும்பாலும் மற்ற சாதியினர்தான் அதிகம். ஆக, தனித்தொகுதி எம்.எல்.ஏ. ஜெயிப்பதே ஒரு கூட்டுச் சாதி ஆதரவில்தான். அவருக்குக் கூட்டு சேர்க்கத் தெரியும். ஆனால் தன் மக்களுக்கென்று தனியாக ஒன்றை உரக்கக் கேட்கத்தான் தயக்கம். பொது அளவுகோல் அவருக்கு இயல்பாகவே வசதியானது. ஆபத்தும் அங்கேதான்.

பொது அளவுகோல் விழுங்கிவிடும் பணம்

குடிசைக்கு வீடு என்றால், குடிசை நிற்கிற மனைக்குப் பட்டா இருக்கிறதா என்ற கேள்வி அடுத்து வரும். ஊரில் பாட்டன் காலத்துப் பட்டா இருக்கும். காலனியில் பலருக்கு இருக்காது, புறம்போக்கில் இருக்கும் இருளர் குடும்பங்களுக்குச் சுத்தமாக இருக்காது. பேச்சில் எல்லாருக்கும் என்று இருந்த திட்டம், தாலுகா ஆபீஸ் படியேறும்போது சிலருக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். அமெரிக்கச் சூத்திரத்திலும் இதே சிக்கல்தான். பணம் ஏழை மாவட்டத்துக்குப் போகும். மாவட்டத்துக்குள் அது எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதைச் சூத்திரம் பார்க்காது. பணக்கார மாவட்டத்துக்குள் இருக்கும் ஏழைக் குடியிருப்பையும் அது பார்க்காது.

அதனால்தான் 2011க்குப் பின் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 29 சதவீதம் ஆதிதிராவிடருக்கு, 1 சதவீதம் பழங்குடியினருக்கு என்று உள்ஒதுக்கீடு வைத்தார்கள். பொது அளவுகோல் ஓட்டைச் சேர்க்கிறது, உள்ஒதுக்கீடு பணத்தைச் சேர்க்கிறது. இரண்டில் ஒன்று போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உள்ஒதுக்கீட்டின் பெரிய வடிவம் 1979இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம், பிற்பாடு அதற்கு ஆதிதிராவிடர் துணைத்திட்டம் என்று பெயர். மக்கள்தொகையில் எவ்வளவு சதவீதமோ, திட்டச் செலவில் அவ்வளவு சதவீதம். பழங்குடியினருக்கான இதே ஏற்பாடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. தாளில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில் துறைகள் பொதுச் சாலை, பொது மின்சாரச் செலவில் ஒரு பங்கை எடுத்து, இதில் ஆதிதிராவிடரும்தானே நடக்கிறார்கள் என்று கணக்கு எழுதின. டெல்லி அரசு இந்த நிதியில் பல நூறு கோடியை 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிச் செலவுக்குத் திருப்பியது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒதுக்கியும் கிடைக்காமல் போவது, ஒதுக்காமல் இருப்பதை விட மோசம். கேட்டால் கொடுத்துவிட்டோமே என்று புத்தகத்தைக் காட்டுவார்கள்.

இதைத் தடுக்கத்தான் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வந்தது. முதலில் செய்தது ஆந்திரம். அங்கே அமைச்சரவைத் துணைக்குழு, அமைப்புகளின் போராட்டம், பல கட்சி உறுப்பினர்களின் அழுத்தம் என்று எல்லாம் சேர்ந்து, 2012 டிசம்பரில் பேரவையில் நிறைவேறி 2013இல் சட்டமானது. அதே ஆண்டில் கர்நாடகம். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில்தான் நிறைவேறியது. இந்தத் தாமதம் வருத்தமானது. தமிழ்நாட்டுப் பேரவையில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் மொத்தம் 46. எண்ணிக்கை போதவில்லை என்று சொல்லவே முடியாது. 46 பேரும் வெவ்வேறு கொறடாக்களுக்குக் கீழே இருந்ததுதான் விஷயம்.

சுயேச்சைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

கொறடா இல்லாத உறுப்பினர் சுயேச்சை. தேர்தலுக்குப் பின் ஒரு கட்சியில் சேர்ந்தால் அவருக்குப் பதவி போகும். சேராமல் வெளியே இருந்து ஆதரவு கொடுத்தால், ஒவ்வொரு முக்கிய ஓட்டெடுப்பிலும் அவரிடம் பேச வேண்டியிருக்கும். 30 பேர் கொண்ட அவையில் இதன் எடை அதிகம். ஏனாம், மாஹே வாக்காளர்கள் சுயேச்சைகளை மறுபடி மறுபடி அனுப்பியதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மல்லாடி கிருஷ்ணா ராவ் ஏனாமில் 1996இல் சுயேச்சையாக ஜெயித்துத் தொடங்கி, 2021 வரை அந்தத் தொகுதியை வைத்திருந்தார், காங்கிரசில் இருந்தபோது சுகாதார அமைச்சராகவும் இருந்தார். மாஹேயில் 2016இல் ஜெயித்த டாக்டர் ராமச்சந்திரன் இடதுசாரிகள் ஆதரித்த சுயேச்சை. உள்ளூரில் அவர் தோற்கடித்தது காங்கிரசை. புதுச்சேரிப் பேரவையில் அவர் ஆதரித்ததும் காங்கிரஸ் அரசைத்தான். கேரளத்து அரசியல் பழக்கத்துக்கு இது வினோதம். மாஹேவின் கணக்குக்கு இது நியாயம்.

அந்தக் காங்கிரஸ் அரசு கவிழ்ந்த 2021 பிப்ரவரி 22 அன்று அந்த எண்ணிக்கை எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தது. ராஜினாமாக்களுக்குப் பின் முதல்வர் நாராயணசாமி அரசின் பக்கம் 12 பேர், ராமச்சந்திரனையும் சேர்த்து. எதிரே 14 பேர். அந்த 14இல் 3 பேர் மத்திய அரசு நியமித்தவர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் 12க்கு 11. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொல்லியிருந்தது, பட்ஜெட்டுக்கும் அது பொருந்தும். ஒற்றைத் தொகுதிக்காரர்களின் பேர வலிமையை இந்த மூன்று ஓட்டு நேரடியாகக் குறைக்கிறது. மக்கள் அனுப்பாத மூன்று பேர் கையில் இருக்கும்போது, ஒரு அரசு ஏனாமையும் மாஹேயையும் அவ்வளவாகக் கேட்க வேண்டியதில்லை. நியமனத்தை எதிர்த்து எழுந்த குரல்களில் இந்தக் கோணம் போதுமான அளவு வரவில்லை.

அதே 2021 தேர்தலில் கிருஷ்ணா ராவ் ஒதுங்கிக்கொண்டு என்.ஆர்.காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியை ஏனாமுக்கு அழைத்தார். முதல்வர் ஆகப் போகிறவரே நம் எம்.எல்.ஏ.வாக இருந்தால் பட்ஜெட்டுக்குப் பேரமே தேவையில்லை என்பது கணக்கு. ஏனாம் மக்கள் 655 ஓட்டு வித்தியாசத்தில் சுயேச்சையான கொல்லப்பள்ளி ஸ்ரீனிவாஸ் அசோக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ரங்கசாமி தட்டாஞ்சாவடியில் ஜெயித்து முதல்வர் ஆனார். உள்ளூர்க்காரர் ஒருவர் வெளியே நின்று கேட்கட்டும் என்று அந்த மக்கள் நினைத்திருந்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

ஐந்து தனித்தொகுதிகளின் நிலை இதற்கு நேர்மாறு. 2021இல் மூன்று என்.ஆர்.காங்கிரஸ், ஒன்று பாஜக, ஒன்று சுயேச்சை. ஒற்றை ஆளாக வரும் ஏனாம்காரருக்கு இருக்கும் பேரம், ஐந்து பேராக வரும் இவர்களுக்கு இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைத்தால் 30இல் ஆறில் ஒரு பங்கு. அப்படி வைக்கிற ஓர் ஏற்பாடு அவைக்குள் பலமாக அமையவே இல்லை. நெடுங்காட்டின் சந்திர பிரியங்கா 2021இல் அமைச்சர் ஆனபோது, 40 ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரிக்குக் கிடைத்த பெண் அமைச்சர் அவர். 2023 அக்டோபரில் பதவி விலகல் கடிதத்தில், சாதி, பாலின ரீதியான தாக்குதலுக்கு ஆளானதாக எழுதினார். மந்திரிசபையில் ஓர் இடம் என்பது பேனாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்தான். அந்தப் பேனாவைத் தொட விடுகிறார்களா என்பது வேறு கேள்வி. கிரேவுக்குப் பின்னால் ஒரு குழு இருந்தது, அவரைத் திட்டுவதற்காவது. இங்கே அப்படி ஒரு குழு இல்லை.

அடுத்த கணக்கெடுப்பு

புதுச்சேரியில் தொழில்முறைப் படிப்பு இடங்களை நான்கு பகுதிகளுக்கும் 75, 18, 4, 3 சதவீதம் என்று பிரித்தார்கள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்ற வரிசையில். 2001 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். நான்கு பகுதிகளின் பங்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் 2011க்குள் ஏனாமின் மக்கள்தொகை 31,394லிருந்து 55,626 ஆகிவிட்டது. மாஹே 36,828லிருந்து 41,816. யார் மூன்று, யார் நான்கு என்பதே மாறிவிட்டது. தொகுதி மறுவரையறையிலும் இது நடந்தது. முன்பு மாஹேவுக்கு மாஹே, பள்ளூர் என்று இரண்டு இடம் இருந்தது. இப்போது ஒன்று.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. சாதிவாரிக் கணக்கும் அதில் சேர்கிறது. ஆதிதிராவிடர் துணைத்திட்டத்தின் சதவீதம் மாறலாம். காரைக்காலின் பங்கும் ஏனாமின் பங்கும் மாறலாம். வெறும் தலைக்கணக்கை மட்டும் வைத்துப் பிரித்தால் மாஹே இன்னும் தோற்கும். தூரத்தைச் சேர்த்தால் தோற்காது: பெரிய ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டரில், கல்லூரி எத்தனை மணி நேரத்தில், தலைமைச் செயலகத்துக்கு ஒரு மனு கொடுத்துவர எத்தனை நாள் கூலி போகிறது என்று அளந்தால், மாஹேவும் ஏனாமும் மட்டுமல்ல, காரைக்காலின் ஐந்து தொகுதிகளும் அதே பக்கம் வரும். பட்டா இல்லாத மனை என்று அளந்தால் ஐந்து தனித்தொகுதிகளோடு கடலோரக் குப்பங்களும் வரும். தூரம் என்ற அளவில் ஏழு தொகுதி, மனைப் பட்டா என்ற அளவில் ஐந்து தனித்தொகுதி. நெடுங்காடு இரண்டிலும் இருப்பதால் மொத்தம் பதினொன்று, குப்பங்கள் உள்ள தொகுதிகள் தனி. நியமன உறுப்பினர்கள் மூவரையும் சேர்த்தால் 33 பேர் அவையில் பதினேழு வேண்டும். அந்த மிச்ச ஆறைப் புதுச்சேரிக் கடலோரத்தில் தேடத் தொடங்க வேண்டிய நேரம், கணக்கெடுப்பு முடிவுகள் வெளியாவதற்கு முந்தைய இந்தக் காலம்தான்.